39 பொத்தான் ஓட்டைகள்

"யாருக்கு?" என்று அவர் கேட்டது மண்டபத்தின் கடைசி மூலைவரை கேட்டிருக்கும்.

2018 பெப்ரவரி 10, உள்ளூராட்சித் தேர்தல் நாள். பார்வை முழுதாகப் போன பிறகு நான் போட வந்த முதல் வாக்கு. துணைக்கு ஆள் கூட்டி வரலாம் என்பதோ, அதற்கு முன்கூட்டியே ஒரு சான்றிதழ் எடுக்க வேண்டும் என்பதோ எனக்குத் தெரியாது. வாக்காளர் அட்டையையும் அடையாள அட்டையையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மனைவியின் தோளைப் பிடித்தபடி போய்விட்டேன். சான்றிதழ் இல்லாததால் மனைவியை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். அப்படியானால் நிலையத்தின் பொறுப்பதிகாரி, இன்னொரு அலுவலர் முன்னிலையில் எனக்காகப் புள்ளடி போடுவார். விதி அதுதான். விதியில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்த மனிதரின் குரல்தான் பெரிது. பார்வையில்லாதவனுக்குக் காதும் மந்தம் என்று நினைப்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அன்றைக்கு என் பங்குக்கு வாய்த்தார்.

சின்னத்தை நானும் சொன்னேன், முடிந்த அளவு மெதுவாக. அவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தினார். சுவர் ஓரமாகக் கட்சி முகவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் இருமினார். அந்த இருமல் எனக்குத் தெரிந்த இருமல். எங்கள் ஒழுங்கைத் தேநீர்க் கடையில் தினமும் கேட்பது. அடுத்த நாள் காலை அங்கே பிளேன் டீ குடிக்கப் போனபோது, "அண்ணை, நேற்று நல்ல முடிவு" என்றார். கிண்டலா பாராட்டா என்று இன்றுவரை புரியவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருபத்தாறு ஆண்டு தையல் கடை வைத்திருந்தவன். கண்ணழுத்த நோய், அதாவது குளுக்கோமா, ஓரங்களிலிருந்து தின்றுகொண்டு வந்தது. முதலில் மேசையின் இரண்டு பக்கமும் மறைந்தன, பிறகு கத்தரியின் கைப்பிடி, கடைசியில் நூல் கோக்கும் துளை. இப்போது கடையை அக்காவின் மகன் பார்க்கிறான். நான் உட்கார்ந்து துணியைத் தொட்டுத் தரம் சொல்வேன். அளவு நாடாவில் அங்குலத்துக்கு ஒரு ஸ்டேப்பிள் குத்தி வைத்திருக்கிறேன். அதனால் இடுப்பு அளவும் கை நீளமும் இன்றும் என்னிடம் தப்பாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் வரும் கதையில் இந்த அங்குலங்களுக்கு வேலை இருக்கிறது.

அந்த இருமலுக்குப் பிறகு சட்டத்தைத் தேடினேன். 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தேர்தல்கள் விசேட ஏற்பாடுகள் சட்டம். மாற்றுத்திறனாளி வாக்காளர் தானே தெரிவுசெய்த ஒருவரைத் துணையாக உள்ளே அழைத்துப்போக அது இடம் கொடுக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இலக்கம் 28தான். அலுவலகத்தில் "28ஆம் இலக்கச் சட்டம்" என்று மட்டும் சொன்னால் வேறு கோப்பை எடுப்பார்கள். ஆண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். துணைக்கு வருபவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். வேட்பாளராகவோ வேட்பாளரின் முகவராகவோ இருக்கக் கூடாது. கையில் தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும். அதற்குக் கிராம உத்தியோகத்தரும் அரச மருத்துவ அதிகாரியும் கையொப்பமிட வேண்டும்.

இந்த இரண்டு கையொப்பத்துக்கு நான் நான்கு தடவை அலைந்தேன். முதல் நாள் கிராம உத்தியோகத்தர் வெளிக்கள வேலையில். இரண்டாம் நாள் படிவம் சிங்களத்தில் மட்டும் கையிருப்பில். மூன்றாம் நாள் மருத்துவரிடம் மூன்று மணி நேரம் வரிசை. உள்ளே போனதும் அவர் என் கண்ணுக்கு நேரே விளக்கை அடித்துவிட்டு, "ஒன்றுமே தெரியவில்லையா?" என்று கேட்டார். "வெளிச்சம் சூடாக இருக்கிறது" என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தேர்தல் அறிவித்த பிறகு ஓடாதீர்கள். அந்தக் கிழமைகளில் கிராம உத்தியோகத்தருக்குத் தலைக்குமேல் வேலை. அறிவிப்பு வரும் என்ற பேச்சு கிளம்பும்போதே மருத்துவ அறிக்கையின் பிரதியைத் தயாராக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

சான்றிதழோடு 2019 நவம்பர் 16ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தலுக்குப் போனேன். 35 வேட்பாளர்கள். சீட்டின் நீளம் 26 அங்குலம் என்று வானொலியில் சொன்னார்கள். ஒரு குழந்தைச் சட்டைக்கு வெட்டும் துணி அளவு. மனைவி துணை. தடுப்புக்குள் இருவரும் போனோம். நான் யாருக்கு என்று அவள் காதில் சொன்னேன். பேனா கடதாசியில் ஓடும் சத்தம் கேட்டது. மடித்து என் கையில் தந்தாள், நானே பெட்டியில் போட்டேன். எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. 2018ஐவிட ஆயிரம் மடங்கு மரியாதை.

வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. எங்கள் வீட்டில் அரசியலில் இரண்டு கட்சி. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். அவள் எனக்குப் பிடித்தவரைப் பற்றிச் சொல்லும் வார்த்தைகளை இங்கே அச்சில் போட முடியாது. அவளிடமே என் வாக்கைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

"நான் சொன்ன இடத்திலேயே போட்டாயா?" என்று கேட்டேன்.

"பின்னே?" என்றாள். கரண்டி சட்டியில் பட்டது.

அந்த "பின்னே"யை ஐந்து ஆண்டு மென்றேன். அவள் நேர்மையானவள், கடைக் கணக்கில் ஒரு சதம் பிசகாது. ஆனாலும் நான் எழுப்பும் கேள்விக்கு அவள் மனதைத் திறந்து காட்டினால்கூட எனக்கு அது ஆதாரமாகாது. கண் உள்ளவர்கள் இதை யோசித்திருக்கமாட்டார்கள். உங்கள் புள்ளடியைச் சீட்டை மடிக்கும் முன் ஒரு கணம் பார்க்கிறீர்களே, அந்த ஒரு கணம்தான் எனக்கு இல்லாமல் போனது. இரகசியம் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சரிபார்க்க முடியாததுதான் உறுத்தியது. தைத்த சட்டையைத் திருப்பிப் பார்க்காமல் வாடிக்கையாளரிடம் கொடுத்த மாதிரி.

2020 ஓகஸ்ட் 5, பாராளுமன்றத் தேர்தல், கொரோனாக் காலம். அவரவர் பேனாவை அவரவரே கொண்டுவரச் சொன்னார்கள். கட்சிக்கு ஒரு புள்ளடி, அதன் பிறகு விருப்பு வாக்குக்கு மூன்று இலக்கங்கள் வரை. மறுபடியும் மனைவிதான். முகக்கவசத்துக்குள்ளால் அவளுக்கு இலக்கங்களைச் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. இதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

2024இன் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு சிறிய பயிற்சிக்கு நண்பர் ஒருவர் அழைத்துப்போனார். பார்வையற்றவர்கள், குறைபார்வையுள்ளவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் என்று பதினைந்து பேர் இருந்தோம். தமிழ், சிங்களம் இரண்டும் கலந்து ஓடியது. அங்கேதான் தொட்டுணரும் வாக்குச் சட்டகம் என்பதை முதன்முதலாகக் கையில் பிடித்தேன். கனமான அட்டை ஒன்று. வாக்குச்சீட்டின் மேல் அதைப் பொருத்தினால், ஒவ்வொரு வேட்பாளரின் கட்டத்துக்கும் நேராக ஒரு சதுர ஓட்டை வரும். மேலிருந்து எண்ணிக்கொண்டு வந்து, வேண்டிய ஓட்டைக்குள் புள்ளடி போடுவது. அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், பற்றரி வேண்டாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வாழ்நாள் முழுக்க வெட்டியது இதே மாதிரி அட்டைகள்தானே.

ஜேர்மனியில் பார்வையற்றோர் சங்கங்கள் இத்தகைய அட்டையை உறுப்பினர்களுக்கு இலவசமாகக் கொடுக்கின்றன. செலவை அரசு ஏற்கிறது. சீட்டில் இருப்பதை ஒலியாகக் கேட்கவும் வசதி உண்டு. அங்கே இன்னொரு சின்ன வேலை செய்திருக்கிறார்கள். வாக்குச்சீட்டின் வலது மேல் மூலையை வெட்டியோ துளையிட்டோ விடுகிறார்கள். அதைத் தொட்டால் எது மேல், எது முன்பக்கம் என்று விரலுக்குத் தெரிந்துவிடும். நாங்கள் மாதிரி அட்டைகளில் ஓரத்தில் சின்னதாக ஒரு 'வி' வெட்டு வெட்டி வைப்போம், கையின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரிய. அதே புத்தி. அந்த மூலையை வெட்டியவன் தையல்காரனாக இருந்திருப்பான் என்று அருகில் இருந்தவரிடம் சொன்னேன். அவர் சிங்களவர். மொழிபெயர்த்துச் சொன்னதும் தோளில் தட்டினார்.

சட்டகத்தோடு பழகிய அந்த இரண்டு மணி நேரத்தில் கற்றது நிறைய. அட்டையை வெறுமனே சீட்டின் மேல் வைத்தால் வழுகிவிடும். எனக்கு முதல் முயற்சியில் கால் அங்குலம் கீழிறங்கி, புள்ளடி இரண்டு பெயருக்கும் நடுவில் கோட்டின் மேல் விழுந்தது. செல்லாத வாக்கு. சீட்டைச் செருகுகிற உறைபோல மடித்த அட்டையாக இருந்தால் வழுகாது. ஓட்டை கட்டத்தைவிடச் சற்றுச் சிறிதாக இருக்க வேண்டும். பேனா ஓட்டையின் விளிம்பில் முட்டி நின்றாலும் கட்டத்தின் கோட்டைத் தாண்டாது.

எண்ணுவது இன்னொரு தொல்லை. பத்துக்கு மேல் போனால் விரல் தடுமாறும். அவர்கள் அட்டையில் ஓட்டைக்குப் பக்கத்தில் பிரெயில் இலக்கங்கள் புடைத்திருந்தன. பிரெயிலில் எழுத்து மொழிக்கு மொழி வேறுபடும், இலக்கம் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒன்றே. மூன்று மொழி நாட்டுக்கு அது நல்ல விடை. ஆனால் நாற்பது வயதுக்குமேல் பார்வை போன என் போன்றவனுக்குப் பிரெயில் வெறும் மணல். அந்தப் பதினைந்து பேரில் பாதிப்பேருக்கு என் நிலைதான், நீரிழிவால் போனவர்களும் குளுக்கோமாவால் போனவர்களும். ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது ஓட்டைக்கு நேரே ஓரத்தில் ஒரு 'வி' வெட்டு விட்டால் எங்களுக்கு அது போதும் என்று சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு என்னைத் திகைக்க வைத்தவர் இருபத்தைந்து வயதுத் தங்கச்சி ஒருவர். பிறவியிலேயே பார்வையில்லை. படித்தவர், தொலைபேசி இயக்குநராக வேலை செய்கிறார், பிரெயிலில் வேகமாக வாசிப்பார். சட்டகத்தில் சரியான ஓட்டையை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டார். பிறகு பேனாவைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார்.

"புள்ளடி எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

அறை அமைதியாகிவிட்டது. அவர் வாழ்க்கையில் பேனாவால் ஒன்றும் எழுதியதில்லை, எழுத வேண்டி வந்ததுமில்லை. எல்லாருக்கும் தெரியும் என்று நாம் நினைக்கும் அந்த இரண்டு கோடு அவருக்குப் புதிது. நடத்தியவர் வாயால் விளக்கப் பார்த்தார், "மேல் இடமிருந்து கீழ் வலம்..." என்று. சரிவரவில்லை. பின்னால் இருந்த ஓர் அம்மா எழுந்து வந்து, விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்கை முறித்து, ஒன்றின்மேல் ஒன்றைக் குறுக்கே வைத்து அவர் விரலுக்குக் கீழே தள்ளினார். தங்கச்சி அதைத் தடவினார். ஈர்க்கின் வழியே பேனாவை ஓட்டினார், ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாம் தடவை ஈர்க்கு இல்லாமல். "இவ்வளவுதானா?" என்றார். அப்போதுதான் அறையில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். உங்கள் வீட்டில் பிறவியிலேயே பார்வையற்றவர் இருந்தால் புள்ளடியையும் 1, 2, 3 என்ற இலக்கங்களையும் இப்போதே ஈர்க்கிலோ கயிற்றிலோ பழக்குங்கள். ஜனாதிபதித் தேர்தலில் இரண்டாம், மூன்றாம் விருப்பைக் குறிக்க இந்த இலக்கங்கள் வேண்டும். 2024இல் ஒருவரும் பாதிக்கு மேல் பெறாமல், நம் வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் சுற்றில் விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். அந்த 2ஐ எழுதத் தெரியாதவருக்கு அந்தச் சுற்றில் இடமில்லை.

பயிற்சிக்குப் பிறகு தொலைபேசியில் வாசிக்க வைத்து நிறையக் கேட்டேன். இந்தியாவின் மின்னணு இயந்திரத்தில் பொத்தான்களுக்குப் பக்கத்தில் பிரெயில் இலக்கம் இருக்கிறது, ஒரு பெட்டிக்கு 16 பொத்தான். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு வாக்களிப்பு நிலையத்திலும் மாற்றுத்திறனாளிகள் தாமே வாக்களிக்கக்கூடிய வசதியைக் கட்டாயமாக்கியது. அதனால் வந்த இயந்திரங்களில் காதுக்கருவி உண்டு. தேர்ந்தெடுத்ததும் "நீங்கள் இன்னாரைத் தெரிவுசெய்திருக்கிறீர்கள்" என்று திருப்பிச் சொல்லும். அவுஸ்திரேலியாவில் பார்வையற்றோர் தொலைபேசியிலேயே வாக்களிக்கலாம். மறுமுனையில் கேட்டுச் சீட்டில் குறிக்கும் அலுவலருக்கு அழைப்பவரின் பெயர் தெரியாது. பிரித்தானியாவில் சட்டகம் போன்ற ஒரு கருவியை நெடுநாள் வைத்திருந்தார்கள். அது கட்டத்தைக் காட்டும், எந்தக் கட்டம் யாருடையது என்று சொல்லாது. பார்வையற்ற பெண்மணி ஒருவர் வழக்குப் போட்டார். 2019இல் நீதிமன்றம், இது வாக்களிப்பைக் கேலிக்கூத்தாக்குகிறது என்ற பொருளில் தீர்ப்புச் சொன்னது.

அந்தத் தீர்ப்பைக் கேட்டபோது எனக்கு மனைவியின் "பின்னே?" நினைவுக்கு வந்தது. சட்டகமானாலும் மனைவியானாலும் குறை ஒன்றுதான், போட்டது எங்கே என்று திருப்பிச் சொல்லும் வாய் இல்லை. அமெரிக்க இயந்திரத்தின் விலையை நம் தேர்தலுக்குக் கேட்பது வீண். நாம் கடதாசியில் புள்ளடி போட்டு, கையால் எண்ணும் நாடு. அதில் எனக்குக் குறையுமில்லை. எனக்கு வேண்டியது அந்தத் திருப்பிச் சொல்லும் பகுதி மட்டும். ரூபாய்த் தாளின் ஓரத்தில் புடைத்த புள்ளி வைத்திருக்கிறார்கள், பழைய தாளில் அது தேய்ந்துபோகிறது என்பது வேறு விடயம். வாக்குச்சீட்டோ ஒரு நாள் மட்டும் வாழ்வது, தேயவே நேரமில்லை.

2024 ஓகஸ்ட் 15ஆம் திகதி வேட்புமனு முடிந்து 39 பேர் என்று அறிவித்தார்கள். கொஞ்ச நாளில் சீட்டு ஏறத்தாழ 27 அங்குலம் என்று செய்தி வந்தது. 39ஆல் வகுத்தால் ஒரு வரிசைக்கு முக்கால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. அன்றிரவே கடையிலிருந்து மாதிரி அட்டை எடுத்துவரச் சொன்னேன். மகள் மண்ணிறக் கடதாசியை ஒட்டி, 39 வரிசை கோடு போட்டுத் தந்தாள். அட்டையை உறையாக மடித்து, ஸ்டேப்பிள் குத்திய நாடாவால் அளந்து, 39 ஓட்டை வெட்டினேன். சிறு கத்தியால், தடவித் தடவி, மூன்று இரவு. ஐந்துக்கு ஒரு 'வி' வெட்டு.

மகள் ஓர் இலக்கம் சொல்வாள், நான் போடுவேன். அட்டை இல்லாமல் பத்தில் இரண்டுதான் சரி. அட்டையோடு பத்தில் ஒன்பது. அந்தப் பத்தாவது, கடதாசி உறைக்குள் முழுதாக ஏறாமல் நின்றதால் வந்த பிழை. சீட்டு மேல் மடிப்பில் முட்டும்வரை தள்ளிவிட்டுத்தான் எண்ணத் தொடங்க வேண்டும்.

வேட்பாளர்களின் வரிசையைக் கற்றது தனிக்கதை. ஒருவர் பட்டியலை அனுப்பினார். படமாக வந்தது. தொலைபேசி "படம்" என்று ஒரே சொல்லில் வாசித்து முடித்துவிட்டது. மகள் அதை மேலிருந்து கீழாக, ஒன்று, இரண்டு என்று இலக்கத்தோடு வாசித்துக் குரல்பதிவாகத் தந்தாள். நடுவில் ஒரு வேட்பாளர் காலமாகிவிட்டார். அவர் பெயரையும் எடுக்காமல் எண்ணு என்றேன், சீட்டில் பெயர் இருக்கத்தான் செய்யும், தவறவிட்டால் அதற்குக் கீழே எல்லாம் ஒன்று மாறிவிடும். மூன்று மாலை கடற்கரையில் ரயில் பாதை ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். என் ஆளின் இலக்கம் மனப்பாடமானது. வாக்களிப்பு நிலையத்துக்குள் தொலைபேசியைப் பயன்படுத்த முடியாது. ஆகவே இந்த மனப்பாடம்தான் துணை.

செப்டெம்பர் 21, சனிக்கிழமை. காலை 7 மணிக்குத் தொடங்குகிறது என்று ஏழேகாலுக்கே போனோம். கூட்டமில்லாத நேரம் எங்களுக்கு நல்லது, அலுவலர்களும் அப்போது களைத்திருக்கமாட்டார்கள். துணைக்கு இந்தமுறை மகள். பத்தொன்பது வயது, அவளுக்கும் அதுதான் முதல் வாக்கு. சான்றிதழைப் பார்த்ததும் வழிவிட்டார்கள். என் அட்டையை எடுத்துக் காட்டினேன். பொறுப்பதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஓட்டைகளுக்குள் விரல் விட்டார் என்று மகள் பிறகு சொன்னாள். இன்னொருவரோடு தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு, "ஐயா, நல்ல வேலை. ஆனால் வெளியிலிருந்து கொண்டுவந்த பொருளை உள்ளே விட எனக்கு அதிகாரமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். குரல் நல்ல குரல். வாக்குவாதம் செய்யவில்லை. இதில் பிழை என்னுடையது. ஒரு மாதம் முன்பே இராஜகிரியவில் உள்ள தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கோ மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்கோ எழுதி, சட்டகம் கொடுப்பார்களா, நம்முடையதை அனுமதிப்பார்களா என்று கேட்டுப் பதிலைக் கையில் வைத்திருக்க வேண்டும். நீங்கள் எழுதுங்கள். நிலையத்தில் சட்டகம் இருந்தால், சீட்டை வாங்குவதற்கு முன்பே அதைக் கேட்டு வாங்கி ஒரு தடவை தடவிப் பாருங்கள்.

அட்டை மேசையில் தங்கிவிட்டது. கையை யார் பறிக்க முடியும்? என் சாண் சரியாக ஒன்பது அங்குலம். மூன்று சாண் 27. தடுப்புக்குள் போய்ச் சீட்டை விரித்தோம். அது மேசையின் ஓரத்தைத் தாண்டித் தொங்கியது. மகள் என் சுட்டுவிரலை முதல் கட்டத்தில் வைத்து, ஒவ்வொன்றாகக் கீழே நகர்த்தினாள், பெயர் சொல்லாமல், நிறுத்தாமல், 39 வரைக்கும். நான் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டேன். என் இலக்கம் வந்த இடத்தில் மற்றக் கையின் கட்டை விரலைக் கடதாசியின் ஓரத்தில் ஊன்றிவிட்டேன். நகத்தால் கீறவில்லை, மடிக்கவுமில்லை. சீட்டில் வேறு அடையாளம் விழுந்தால் நிராகரிக்கவும் கூடும். பிறகு பேனாவை வாங்கி நானே இரண்டு கோடு இழுத்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு என் கையால் போட்ட முதல் புள்ளடி.

"சரியாக இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"நீங்கள் யாருக்குப் போட நினைத்தீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் அப்பா?"

ஒரு கணம் விழித்தேன். நான் அவளிடம் சொல்லவே இல்லை. "எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறது? எண்ணிச் சொல்" என்றேன். மேலிருந்து எண்ணத் தொடங்கினாள், உதடு மட்டும் அசைகிற மெல்லிய சத்தம். வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். நடுவில் பிசகி மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். கடைசியில் ஓர் இலக்கம் சொன்னாள். அது என் மனதில் இருந்த இலக்கம்.

அதை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். நான் நினைத்தது அவளுக்குத் தெரியாது, ஆகவே என்னைத் திருப்திப்படுத்தப் பொய் சொல்லவும் அவளால் முடியாது. 2019இல் மனைவியிடம் நான் முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு அவள் என்ன சொன்னாலும் சரிபார்க்க வழியில்லை. துணைக்கு ஆள் அழைத்துப்போகிறவர்கள் இதை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லாதீர்கள், கேள்வியைத் திருப்புங்கள். எங்கே விழுந்திருக்கிறது என்று அவர் சொல்லட்டும், சரியா பிழையா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். மகள் என் வாக்கைப் பார்த்துவிட்டாள்தான். அந்த அளவுக்கு இரகசியம் ஓட்டைதான். சட்டகம் இருந்தால் அதுவும் அடைபடும்.

பயிற்சிக்கு வந்திருந்த நண்பர் ஒருவர், வவுனியாக்காரர், போரில் இரண்டு காலும் போனவர், கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். அவருடைய சிக்கல் வேறு. பெயர் ஊரில் பதிவாகியிருந்தது. கொழும்பில் இருந்துகொண்டு பஸ்ஸில் சக்கர நாற்காலியோடு வவுனியா போக வேண்டும். தபால் வாக்கு தேர்தல் கடமையிலும் அத்தியாவசிய சேவையிலும் இருக்கும் உத்தியோகத்தர்களுக்குத்தான், எங்களுக்கு இல்லை. வருடாந்தத் திருத்தத்தின்போது பெயரைக் கொழும்புக்கு மாற்றிக்கொண்டார். நடக்க முடியாதவர்கள் வாகனத்தில் வருவதற்குத் தேர்தல் அலுவலகத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி எடுக்கலாம். அவர் எடுத்தார். வாகனம் வாசல்வரை வந்தது, வாசலில் நான்கு படி. இரண்டு பொலிஸ்காரர்கள் தூக்கினார்கள். "தூக்கிய விதம் பூச்சட்டி தூக்குவதுபோல" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நிலையத்தை முதல் நாளே ஒருவரை அனுப்பிப் பார்த்துவிடுங்கள். படி இருக்கிறதா, மாடியா, தடுப்பு மேசை என்ன உயரம் என்று. 2012 குடிசன மதிப்பீட்டில் ஏதாவதொரு செயற்பாட்டுச் சிரமம் உள்ளவர்கள் 16 இலட்சத்துக்கு மேல், அதில் பார்வைச் சிரமம் சொன்னவர்கள் மட்டும் பத்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நான்கு படிக்கு ஒரு பலகையாவது போடலாம்.

அந்த நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தலுக்கு மறுபடியும் போனோம். சின்ன விரலில் பழைய மை அழிந்திருக்காது என்று இந்தமுறை இடது சுட்டுவிரலில் பூசினார்கள். நான் கட்டம் தேடும் விரல் அது. மை காயும்வரை எதையும் தொடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தேன், வகுப்பில் விடை சொல்லக் கையுயர்த்திய பையன்போல. மனைவி வெளியே நின்று சிரித்தாள்.

அன்று மாலை அவளிடம் 2019ஐப் பற்றி மறுபடியும் கேட்டேன். தையல் இயந்திரத்தை நிறுத்தினாள். "நீங்கள் இன்னும் அதையா..." என்று சொல்லிவிட்டு மறுபடியும் மிதித்தாள். பதில் சொன்னாளா இல்லையா என்று இயந்திரச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

ஆணைக்குழுவுக்கான கடிதத்தை மகள் தட்டச்சுச் செய்து, நான் இரண்டு தடவை கேட்டுத் திருத்தி, அனுப்பியாயிற்று. அட்டையைக் கடையில் மற்ற மாதிரிகளோடு ஆணியில் மாட்டியிருந்தேன். போன மாதம் மருமகன் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். விளிம்பைத் தடவி, ஓட்டைகளை எண்ணிப் பார்த்திருக்கிறான் போலும்.

"மாமா, இது எந்த ஆளின் சட்டை? இத்தனை பொத்தானா?"